வராத பிள்ளை யார் கணக்கில்?

பள்ளிக்கூடத்தை வாத்தியார் பார்த்துக்கொள்வார்; பிள்ளையைப் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; ஊராட்சி குழாயையும் தெருவிளக்கையும் சாக்கடையையும் பார்த்தால் போதும். கல்வியையும் உள்ளாட்சியையும் யார் சேர்த்துப் பேசினாலும் தமிழ்நாட்டில் இந்தப் பதில் தயாராக இருக்கிறது. அதிகாரிகள் இதையே பதமாகச் சொல்வார்கள்: அது துறை சம்பந்தப்பட்ட விஷயம். ஆசிரியர் சங்கத்தார் கொஞ்சம் காரமாகச் சொல்வார்கள்: கவுன்சிலரை உள்ளே விட்டால் பள்ளிக்கூடம் கட்சி ஆபீஸ் ஆகிவிடும். படித்த நடுத்தர வர்க்கம் ஒரு படி மேலே போகும்: பிள்ளை வராவிட்டால் அப்பனைப் பிடித்து அபராதம் போடு, தானாக வரும். வேடிக்கை என்னவென்றால், ஊராட்சித் தலைவர்களிலேயே பலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள். தன் தலையில் விழாத பாரத்தை வலியப் போய் யார் தூக்கிக்கொள்வார்கள்?

ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட இந்த நியாயம் தவறானது என்பது என் கட்சி. பிள்ளைகள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு மதிற்சுவருக்கு உள்ளேயே விடை தேடுகிற பழக்கத்தை இது நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. விடையில் பெரும்பகுதி வெளியே, ஊராட்சியின் எல்லைக்குள் கிடக்கிறது.

முதலில் சட்டம்; அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு அரசின் கடமைகளைச் சொல்கிறது. அதை அடுத்த 9-ஆவது பிரிவு முழுவதும் உள்ளாட்சி அமைப்பின் கடமைகள். தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் சேருவதையும், தொடர்ந்து வருவதையும், தொடக்கக் கல்வியை முடிப்பதையும் உறுதிசெய்து கண்காணிக்க வேண்டும். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். கல்வி ஆண்டின் நாட்காட்டியை முடிவு செய்வதுகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளையின் உரிமை தொடர்பாகக் குறை இருந்தால் உள்ளாட்சியிடம் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 32-ஆவது பிரிவு. அதற்கும் முன்பே, 73-ஆவது திருத்தத்தோடு வந்த அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் 17-ஆவது இனமாகத் தொடக்க, இடைநிலைக் கல்வி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர், சட்டம் ஏற்கெனவே கொடுத்த வேலையைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். நடைமுறையில் இந்தக் கடமைகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஊராட்சிக்கு மிஞ்சியது, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓரிரு நாற்காலிகளும் சுதந்திர தினத்தன்று கொடியேற்றும் உரிமையும்.

அதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வரலாற்று மறதி. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பதில் இந்த மாநிலம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதைக்கு முதல் அத்தியாயம் எழுதியதே ஓர் உள்ளாட்சி மன்றம்தான். 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். அந்தப் பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் எண்ணிக்கை பெரிதும் குறைகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். தர்மச் சோறு போட்டுப் புண்ணியம் தேடும் பேச்சு அங்கே இல்லை. வகுப்பில் காலியாக இருக்கும் இடத்தை நிரப்ப வேண்டும் என்ற, மன்ற உறுப்பினருக்கே உரிய கணக்கு இருந்தது. திட்டம் இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது, எண்ணிக்கையும் ஏறியது. பிறகு தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று மேலே இருந்த ஆங்கிலேய அரசு மறித்தது. 1925-இல் திட்டம் தடைபட்டது. உள்ளாட்சி செய்யத் துணிந்ததை மேலிடம் விதியைக் காட்டி நிறுத்திய கதை அன்றே தொடங்கிவிட்டது.

அதே 1920-இல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் அதற்காக வரி விதிக்கவும் வழிசெய்தது. காமராசர் காலத்தில் மதிய உணவு பரவியபோதும் ஊர் கை கொடுத்தது. அரசு ஒரு பங்கு போட, மீதியை ஊர்க்காரர்கள் அரிசியாகவும் விறகாகவும் காசாகவும் போட்டார்கள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் ஊரார் கையிலிருந்து வந்தன. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கித் தொடக்கப் பள்ளிகளை அவற்றிடம் கொடுத்தது. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று மஞ்சள் சுவரில் எழுதிய பெயர்ப்பலகை மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. சத்துணவு மையத்தின் நிர்வாகமும் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்துணவை இன்று எத்தனை பிள்ளைகள் வராததால் சாப்பிடவில்லை, ஏன் வரவில்லை என்று மன்றத்தில் எழுந்து கேட்கும் உறுப்பினரைக் காண்பது அரிது. கேட்கும் பழக்கமே அறுந்துபோயிற்று.

இனி, பெற்றோரின் அக்கறையின்மை என்ற வாதம். இதுதான் எல்லோருக்கும் பிடித்த வாதம், ஏனென்றால் இதற்கு யாரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அக்கறையில்லாத பெற்றோர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. டாஸ்மாக் வாசலில் விழுந்துகிடக்கும் அப்பனைக் காட்டி என்னை மடக்குவது சுலபம். ஆனால் வருகைப் பதிவேட்டில் வராத நாளுக்கு விழும் குறிகளை ஒவ்வொன்றாக வீட்டு வாசல் வரை தொடர்ந்து போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அக்கறையின்மையைவிடச் சில்லறைக் காரணங்களே அதிகம். சில்லறை என்பதால்தான் அவை எந்த அரசாணையிலும் வருவதில்லை.

ஒரு நடுநிலைப் பள்ளியின் கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் புதிது, டைல்ஸ் ஒட்டி, கதவும் போட்டிருக்கிறார்கள். கூரைமேல் ஒரு சின்டெக்ஸ் தொட்டி. அதற்குத் தண்ணீர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது. டேங்க் ஆபரேட்டர் காலை ஆறரைக்குத் தெருக்களுக்குத் திறந்துவிடுகிறார். பள்ளிப் பக்கத்துக் கிளைக்குழாய் மேட்டில் இருப்பதால், தாழ்ந்த தெருக்களில் எல்லாரும் பிடித்து முடித்து வால்வை மூடிய பிறகுதான் அங்கே ஏறும். அதற்குள் மோட்டாரை நிறுத்திவிடுவார். பதினொரு மணிக்குக் கழிப்பறையில் சொட்டு நீர் இருக்காது. கழிப்பறையைச் சுத்தம் செய்ய உள்ளாட்சி நிதியிலிருந்து ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். சொற்பச் சம்பளம், அதுவும் மாதக்கணக்கில் பாக்கி. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் வீட்டில் நின்றுவிடுகிறார்கள். அந்தச் சில நாட்களில் நடத்திய கணக்கு புரியாமல் போகிறது. அடுத்த மாதமும் அப்படியே. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுகிறார். அது வட்டார வளர்ச்சி அலுவலரின் (பிடிஓ) அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஊராட்சிச் செயலருக்குக் கடிதமாக வந்து சேர இரண்டு மாதம் ஆகிறது. டேங்க் ஆபரேட்டரின் வீடோ பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மோட்டாரை அரை மணி நேரம் கூடுதலாக ஓடவிடச் சொல்ல வேண்டியவர் தலைவர். இந்தப் பிள்ளைகளின் வருகையைக் கூட்டும் அதிகாரம் மாநிலத்தில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், கல்வித் துறைச் செயலரைவிட அந்த வால்வைத் திருகுகிறவரிடம்தான் இருக்கிறது என்பேன். குழாயைப் பார்த்தால் போதும் என்கிறார்களே, நானும் அதையேதான் சொல்கிறேன். பள்ளிக்குப் போகும் குழாயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

தெருக்குழாயும் அப்படித்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலை எட்டரைக்குத் தண்ணீர் விட்டால், கூலிக்குப் போன அம்மாவுக்குப் பதில் குடத்தோடு வரிசையில் நிற்பது பத்து வயதுப் பெண். ஒன்பதரைக்குப் பள்ளிக்கு ஓடிவந்து திட்டு வாங்குவதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவள் நினைப்பது நியாயமே. ஏரிக்கரை வழியாகப் பள்ளி செல்லும் குடியிருப்பில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாதை மூழ்கினால், தலைமையாசிரியர் என்ன செய்ய முடியும்? மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பும் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு முந்திரித்தோப்பு ஓரத்தில் விளக்கு எரியவில்லை என்றால், அவளைச் சிறப்பு வகுப்பிலிருந்து நிறுத்துவார்கள், பிறகு மெல்லப் பள்ளியிலிருந்தும் நிறுத்துவார்கள்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பிள்ளைகள் தனிக் கணக்கு. நூறு நாள் வேலைக்குக் காலையில் கிளம்பும் அம்மா, ஒன்றரை வயதுக் கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவாள்? அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் அத்தனை சின்னக் குழந்தையை நாள் முழுக்க அங்கே விட முடிவதில்லை. மூத்த மகள்தான் கதி. இதற்கான விடை 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்தது: வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரைக் குழந்தை பார்க்கும் வேலைக்கு நியமிக்க வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. அந்த வேலையை நடத்தியது ஊராட்சி. ஒரு வேப்பமரம், ஒரு தூளி, ஒரு பாட்டி. எத்தனை ஊராட்சிகள் இதைச் செய்தன? செய்திருந்தால் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணின் இருப்பு உறுதியாகியிருக்கும். அந்தப் பெண் வராததை நாம் அக்கறையின்மை என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.

பொங்கல் முடிந்ததும் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்புவார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்த அன்றே யார் யார் போகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். லாரி வந்து நிற்பது இரவில். மறுநாள் வகுப்பில் ஆறு பேர் இல்லை. போகும் ஊரில் எந்தப் பள்ளி, யார் தலைமையாசிரியர், எத்தனை மாதம் என்பதை முன்பணம் வாங்கிய வாரத்திலேயே கேட்டு எழுதி, சூளை இருக்கும் ஊராட்சிக்குத் தகவல் சொல்லக்கூடியவர் வார்டு உறுப்பினர் ஒருவர்தான். வந்துசேரும் இடத்திலும் வழி இல்லாமல் இல்லை. ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வந்த பிள்ளைகளுக்கு அங்கேயே ஒடியா ஆசிரியர்களை வைத்து, அவர்கள் மாநிலப் பாடப்புத்தகத்தைக் கொண்டே வகுப்புகள் நடத்தியிருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளைக்குச் செய்ய முடிந்தது, அடுத்த மாவட்டத்து இருளர் பிள்ளைக்கு ஏன் ஒவ்வொரு சூளையிலும் நடப்பதில்லை? இரண்டு ஊராட்சிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஏற்பாடே இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

துறைதான் எல்லாவற்றையும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் ஏற்றிக் கண்காணிக்கிறதே, இதில் ஊராட்சி எதற்கு என்பார்கள். எமிஸ் நல்ல ஏற்பாடுதான். பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அதற்கு எண் தெரியும், வாசல் தெரியாது. ஓர் உயர்நிலைப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்துப் பத்துப் பதினைந்து குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் ஆசிரியருக்கு, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் மூன்று நாளாக வராத பெண்ணின் வீடு எந்தத் தெரு என்று எப்படித் தெரியும்? வாரக்கணக்கில் வராத பிறகு இடைநின்றவர் பட்டியலில் பெயர் ஏறும். அதன் பிறகு ஆசிரியர் பயிற்றுநர் தேடிப்போவார். அதற்குள் அவளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருக்கும், அல்லது திண்டுக்கல், கோவைப் பக்கத்து நூற்பாலை விடுதிக்குப் போயிருப்பாள். பெண் கேட்டு வந்தவர்களையும் மில்லுக்கு ஆள்பிடிக்கும் தரகரையும் முதலில் பார்ப்பது தெருதான். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் ஊராட்சித் தலைவர். பல ஊர்களில் அந்தக் குழு கையெழுத்து வாங்கும் நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துபோகிறது.

வீடு வீடாகத் தெரிந்தவர்கள் கையில் இந்த வேலை இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இலண்டனில் ஒரு பழைய சாட்சி உண்டு. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அங்கே உள்ளூர்ப் பள்ளி வாரியங்களைத் தேர்தல் மூலம் உருவாக்கியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க வாரியத்தின் ஆட்கள் தெருத் தெருவாகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, அப்பா என்ன வேலை, யார் நோயில் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் இருந்தன. பின்னர் சார்லஸ் பூத் இலண்டன் நகரத்து வறுமையைக் கணக்கெடுக்கப் புறப்பட்டபோது, அவருக்கு அடிப்படையாக அமைந்தது அவர்கள் தந்த தகவல்தான். வராத பிள்ளையைத் தேடிப் போனவர்களுக்கு ஊரின் வறுமை முழுவதும் கண்ணில் பட்டிருக்கிறது. நம் வார்டு உறுப்பினருக்கு அந்த நோட்டுகூட வேண்டாம். ஓட்டுக் கேட்டு ஏறி இறங்காத படி அவருடைய வார்டில் எது?

அபராதம் கேட்பவர்களும் இங்கிலாந்தைத்தான் காட்டுகிறார்கள். அங்கே காரணமில்லாமல் பிள்ளையை நிறுத்தும் பெற்றோருக்கு உள்ளாட்சி அபராதம் விதிக்கிறது. 2024 ஆகஸ்டில் அது 60 பவுண்டிலிருந்து 80 ஆனது. அதே ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அரசு வழிகாட்டுதல், முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து தடை என்னவென்று பாருங்கள், உதவுங்கள், தண்டனை பிறகு என்று உள்ளாட்சிக்குச் சொல்வதை மட்டும் இவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். நம் கல்வி உரிமைச் சட்டத்திலோ அபராதப் பேச்சுக்கு இடமே இல்லை. கட்டாயம் என்பது பிள்ளை சேருவதையும் வருவதையும் முடிப்பதையும் உறுதிசெய்ய அரசுக்கு உள்ள கடமை என்று 8-ஆவது பிரிவு தெளிவாக விளக்கம் தருகிறது. முன்பணத்தில் மூழ்கிய குடும்பத்துக்கு அபராதம் போட்டால், அதைக் கட்ட அவர்கள் இன்னொரு பிள்ளையையும் சூளைக்கு அழைத்துப்போவார்கள். இதற்கு மேல் இந்த வாதத்தோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வலுவான எதிர்ப்பு வேறு ஒன்று: அரசியலும் சாதியும். இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஒன்றியத் தலைவர்கள் ஆசிரியர்களை ஆட்டிப்படைத்த காலம் ஒன்று இருந்தது. பிடிக்காதவரைத் தூரத்து ஊருக்குத் தூக்கியடிப்பது, தேர்தல் வேலைக்கு இழுப்பது, சம்பளப் பட்டியலைத் தாமதிப்பது என்று மூத்த ஆசிரியர்கள் சொல்லும் கதைகள் பொய்யல்ல. 1981-இல் அவர்களுக்குக் கிடைத்தது விடுதலைதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சாதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியல் சாதித் தலைவர் வந்துவிடக் கூடாது என்று பத்து ஆண்டுகள் தேர்தலையே நடத்தவிடாமல் செய்தார்கள். இப்படிப்பட்ட மன்றத்திடம் சேரிப் பிள்ளையின் வருகையை ஒப்படைக்கச் சொல்கிறாயா என்று கேட்டால், அது நேர்மையான கேள்வி.

அதற்கு என் பதில் இரண்டு. மன்றத்தை வெளியே நிறுத்தியதால் பள்ளி சாதியிலிருந்து தப்பிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். சாதி ஊரில் இருக்கும் வரை மதில் ஏறிக் குதித்து உள்ளே வரும். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, தொடக்கப் பள்ளிகளை ஊராட்சி ஒன்றியங்களின் கட்டுப்பாட்டில் கொண்டுவரப் புதிய சட்டம் வேண்டும் என்கிற அளவுக்குப் போயிருக்கிறது. ஆசிரியர் நியமனமும் அதில் அடங்கும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தப் பரிந்துரையை இன்றைய நிலையில் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அடுத்த பதில் அந்தத் தயக்கத்திலிருந்தே வருகிறது. நியமனம், இடமாற்றம், சம்பளம் ஆகியவை வேறு. பிள்ளை ஏன் வரவில்லை என்று தேடிப்போவது வேறு. முதலாவதைத் துறையே வைத்துக்கொள்ளட்டும். மன்றம் எழுப்ப வேண்டிய கேள்வி ஆசிரியரைப் பற்றியது அல்ல, தண்ணீர், பாதை, விளக்கு, அங்கன்வாடி, பேருந்து, சூளை, மில் தரகர் பற்றியது. அப்போது விசாரணைக்கு நிற்பது தலைமையாசிரியராக இருக்காது, தலைவராகவே இருக்கும். ஊர்த்தெருவில் ஓடும் குழாய் காலனிப் பள்ளிக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி கிராம சபைக் குறிப்பில் எழுத்தாகப் பதிந்தால் சாதி பலப்படுமா, அம்பலப்படுமா? சாதியைக் காட்டி மன்றத்தை விலக்கியதில் இதுவரை நிம்மதியாக இருப்பவர்கள் அந்தக் குழாயை மறித்தவர்கள்தான்.

மன்றத்தை உள்ளே இழுத்தால் நடக்கும் என்பதற்கு அன்றைய ஆந்திரத்தில் சாட்சி இருக்கிறது. ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. அறக்கட்டளை, பள்ளிக்கு வராத எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்ற நிலைப்பாட்டோடு கிராமங்களில் வேலை செய்தது. அவர்கள் ஊராட்சிகளை ஒதுக்கவில்லை. எந்தப் பிள்ளை யார் நிலத்தில் கூலிக்கு நிற்கிறது என்று ஊராட்சிக் கூட்டத்திலேயே பேசவைத்தார்கள். நிலக்காரர் பலர் அந்த ஊராட்சி உறுப்பினர்களே. முதலில் முறைத்தவர்கள், தங்கள் ஊரில் வேலைக்குப் போகும் பிள்ளையே இல்லை என்று அறிவிப்பதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளும் நிலை பின்னர் வந்தது. சாந்தா சின்ஹாவுக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது. விருது ஒருபக்கம் இருக்கட்டும், அங்கும் சாதி இருந்தது, கட்சி இருந்தது, நிலவுடைமை இங்கே உள்ளதைவிடக் கடுமையாகவே இருந்தது என்பதை நினைவில் வைப்போம்.

பணம்? நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரியையும் சேர்த்தே வாங்குகிறார்கள். தன் நகராட்சி அந்த வரியை எதற்குச் செலவழித்தது என்று கேட்ட குடிமகனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கட்டடத்துக்குப் போகிறது என்பார்கள். போகட்டும், அதில் ஒரு பங்கு கழிப்பறைச் சுத்தத்துக்குப் போகக் கூடாதா? ஊராட்சிகள் ஏழை என்பது உண்மை. ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை: மோட்டார் ஓடும் நேரம், தண்ணீர் விடும் நேரம், எரியாத நான்கு விளக்குகள், பள்ளி நேரத்துக்குப் பேருந்து கேட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு தீர்மானம். உணவகத்துக்கும் பட்டறைக்கும் தொழில் உரிமம் கொடுப்பது உள்ளாட்சி. பதின்மூன்று வயதுப் பையன் மேசை துடைக்கும் கடைக்கு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, அந்தப் பையன் எந்தப் பள்ளி என்று ஒரு வார்த்தை கேட்க என்ன செலவு ஆகும்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், மேற்பார்வையில் உள்ளாட்சிக்கும் பங்கு. வருகை கூடியது என்று அரசே மகிழ்ச்சியோடு சொல்கிறது. உள்ளாட்சியின் கையால் சோறு போடலாமாம், சாப்பிட வராத பிள்ளையைப் பற்றி மட்டும் அது கேட்கக் கூடாதாம்.

ஆக, நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. மாதத்துக்கு ஒருமுறை, வார்டு வாரியாக, அந்த மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பட்டியல் பள்ளியிலிருந்து மன்றத்துக்கு வர வேண்டும். பெயரைக் கிராம சபையில் வாசித்து எந்தக் குடும்பத்தையும் கூனிக் குறுக வைக்கத் தேவையில்லை. பட்டியல் உறுப்பினர் கையில் இருந்தால் போதும். சபையில் வாசிக்க வேண்டியது காரணங்களை மட்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். இந்த மாநிலம் 50 சதவீத ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியிருக்கிறது. அவர்களைக் கணவரின் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம். வராத பெண்பிள்ளையின் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் அவர்கள்தான். எந்த அதிகாரியாலும் அது ஆகாது.

உள்ளாட்சிகள் இதுவரை என்ன கிழித்துவிட்டன என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். அதைக் கேட்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரையிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரையிலும் இல்லை. நடுவில் கொரோனா வந்து பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போன காலத்தில், பல ஊர்களில் தேடிப்போக ஓர் உறுப்பினர்கூட இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் மறுபடியும் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு பிடிஓ, அவர் பொறுப்பில் பல பத்து ஊராட்சிகள். 9-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு பிள்ளையின் வருகையையும் கண்காணிக்க வேண்டியவர் அவர். 32-ஆவது பிரிவின்படி மனு வந்தால் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டியவரும் அவர். அவருடைய ஜீப் பாதி ஊர்களுக்கு மாதம் ஒருமுறைகூடப் போவதில்லை.